ஆறு மரங்களுக்கு அடியில் 42 மீட்டர்

டோக்கியோவின் ரொப்போங்கி நிலையத்தில் ஓஎடோ தடத்து ரயிலைப் பிடிக்க, இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நகரும் படிக்கட்டு முடிந்தால் அடுத்தது, அது முடிந்தால் இன்னொன்று. கீழ் நடைமேடை இருப்பது 42 மீட்டர் ஆழத்தில். பத்து மாடிக் கட்டடத்தையே புதைத்துவிடலாம். டோக்கியோவின் சுரங்க ரயில் நிலையங்களில் இதுதான் மிக ஆழமானது. ரொப்போங்கி என்றால் 'ஆறு மரங்கள்' என்று பொருளாம். வேர் எட்டாத ஆழத்துக்கு நல்ல பெயர்!

இந்த ஆழத்துக்குக் காரணம், ஓஎடோ தடம் பின்னால் வந்ததுதான். 1927இல் அசாகுசாவுக்கும் உவேனோவுக்கும் இடையே ஜப்பானின் முதல் சுரங்க ரயில் ஓடியபோது, தெருவைத் தோண்டிப் பாதை கட்டி மேலே மூடினார்கள். சில படிகள் இறங்கினாலே ரயில். ஓஎடோ தடம் முழுமையானது 2000 டிசம்பரில். அதற்குள் பழைய தடங்களும் குழாய்களும் மண்ணுக்கடியில் இடம்பிடித்திருந்தன; ரொப்போங்கியிலேயே ஹிபியா தடம் 1964 முதல் ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் கீழேதான் புதியவருக்கு இடம்.

மேலே உள்ள சாலையும் அகலமானதல்ல. இரு சுரங்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வழியில்லாமல், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அதனால் இரு திசைகளுக்கும் வெவ்வேறு தளங்களில் நடைமேடை. திசை மாறி வந்துவிட்டால் மாடி ஏற வேண்டியதுதான்.

சுரங்கம் பெருத்தால் செலவும் பெருக்கும். எனவே ரயிலையே சிறிதாக்கினார்கள். வழக்கமான மின்ரயிலில் சுழலும் மோட்டார் பெட்டியின் தரைக்கடியில் நிறைய இடம் கேட்கும். இங்கே அந்த மோட்டாரைச் சுருட்டிய பாயை விரிப்பதுபோல விரித்துவிட்டார்கள்: கம்பிச்சுருள்கள் பெட்டியின் அடியில், அவற்றுக்கு எதிரே தண்டவாளங்களின் நடுவில் ஓர் உலோகப் பட்டை. சுருள்களில் மின்சாரம் பாயும்போது காந்தப்புலம் சுழலாமல் நேர்கோட்டில் ஓடுகிறது. அது பட்டையில் மின்னோட்டத்தைத் தூண்ட, அந்த விசையில் ரயில் நகர்கிறது. மிதக்கும் ரயில் என்று நினைத்துவிட வேண்டாம். இரும்புச் சக்கரங்கள் உண்டு. பாரத்தைச் சுமந்து உருள்வது மட்டுமே அவற்றின் வேலை. இழுப்புக்குச் சக்கரப் பிடிப்பை நம்பாததால் செங்குத்தான ஏற்றத்திலும் ரயில் ஏறும். ஜப்பானில் இந்த முறையை முதலில் கொண்டுவந்தது 1990இல் ஒசாகா.

ரயிலைச் சிறிதாக்கியதற்குப் பயணிகளும் விலை கொடுக்கிறார்கள். பெட்டி குறுகல், கூரை தாழ்வு. மேலே சாலை வளையும் இடங்களில் கீழே தடமும் வளைய, சக்கரங்கள் கிறீச்சிடுகின்றன. பக்கத்தில் இருப்பவரோடு பேச்சைத் தொடர வேண்டுமானால், அடுத்த நிலையம் வரட்டும் என்று காத்திருப்பதே நல்லது.