கரும்பு இனித்த இடத்தில் அடங்கிய கவிஞர்!

கப்பல் கப்பலாகச் சரக்கு ஏற்றி வாணிகம் செய்தவர் அவர். வீடு நிறையப் பொன். பெட்டி நிறைய மணி. ஒரே நாளில் அத்தனையையும் உதறினார். இடுப்பில் ஒரு கோவணம், கையில் ஒரு கரும்பு. அந்தக் கோலத்தில் ஊர் ஊராக நடந்தார். நடந்து நடந்து, கடைசியில் அவர் வந்து சேர்ந்த இடம் திருவொற்றியூர்.

அவர்தான் பட்டினத்தார்.

வடசென்னையில், திருவொற்றியூர்க் கடற்கரை ஓரத்தில் அவருடைய சமாதிக் கோவில் இருக்கிறது. உள்ளே ஒரு சிவலிங்கம். அந்த லிங்கம் இருக்கும் இடமே அவர் அடங்கிய இடம் என்று மக்கள் வணங்குகிறார்கள்.

காதறுந்த ஊசி

பட்டினத்தார் பிறந்த ஊர் காவிரிப்பூம்பட்டினம். பெற்றோர் இட்ட பெயர் திருவெண்காடர். அவருக்குப் பிள்ளை இல்லை. மருதவாணன் என்ற சிறுவனை எடுத்து வளர்த்தார். பையன் வளர்ந்தான். கடல் கடந்து வாணிகத்துக்குப் போனான். கப்பல் திரும்பியது. ஆனால் அதில் வந்தவை வறட்டியும் தவிட்டு மூட்டையும்தான்!

தந்தைக்குக் கோபம் பொங்கியது. பையன் பதில் பேசவில்லை. தாயிடம் ஒரு சிறு பெட்டியைக் கொடுத்துவிட்டு மறைந்துவிட்டான்.

பெட்டியைத் திறந்தார் தந்தை. உள்ளே காது அறுந்த ஊசி ஒன்று. கூடவே ஓர் ஓலை. சாகும்போது இந்த உதவாத ஊசிகூட உடன் வராது என்பதே ஓலையின் கருத்து.

வந்தவன் சிவபெருமானே என்று உணர்ந்தார் திருவெண்காடர். அன்றே துறவி ஆனார். இப்படிச் சொல்கிறது அவர் வரலாறு.

தாய்க்கு மூட்டிய தீ

எல்லாவற்றையும் துறந்தவர், ஒன்றை மட்டும் துறக்கவில்லை. அது தாய்ப் பாசம். "நீ இறக்கும்போது எங்கிருந்தாலும் வருவேன்" என்று தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தார். சொன்னபடி வந்தார். துறவி கொள்ளி வைக்கலாமா என்று உறவினர் தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. விறகை ஒதுக்கிவிட்டுப் பச்சை வாழை மட்டைகளை அடுக்கினார். மனம் உருகிப் பாடினார். பச்சை மட்டை பற்றி எரிந்தது என்பார்கள்.

அந்தப் பாடல்கள் இன்றும் வாழ்கின்றன. தாயை இழந்தவர்கள் அவற்றைக் கேட்டால் கண் கலங்காமல் இருக்க மாட்டார்கள்.

கசந்த கரும்பு

உஜ்ஜயினி மன்னர் பத்திரகிரியார் பட்டினத்தாரின் சீடர். அரசைத் துறந்து குருவோடு வந்தவர். திருவிடைமருதூரில் சீடருக்கு முதலில் முக்தி கிடைத்தது.

"எனக்கு எப்போது?" என்று ஏங்கினார் குரு. இறைவன் அவர் கையில் ஒரு பேய்க்கரும்பைக் கொடுத்தாராம். "இது எந்த ஊரில் இனிக்கிறதோ, அங்கே உனக்கு முக்தி" என்றாராம்.

பேய்க்கரும்பு கசக்கும். சீர்காழியில் கசந்தது. சிதம்பரத்தில் கசந்தது. காஞ்சிபுரத்தில் கசந்தது. திருவொற்றியூருக்கு வந்து நுனியைக் கடித்தார். தேனாக இனித்தது! இதுதான் நம் இடம் என்று அங்கேயே தங்கிவிட்டார்.

கடைசி விளையாட்டு

கடற்கரையில் சிறுவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கிழத் துறவியும் அவர்களோடு ஆடினார். தம்மைக் கூடையால் மூடச் சொன்னார். மூடினார்கள். திறந்து பார்த்தால் ஆள் இல்லை; வேறோர் இடத்தில் நின்று சிரித்தார். சிறுவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். மறுபடியும் மூடினார்கள். இந்த முறை அவர் எங்கும் தோன்றவில்லை. கூடையைத் தூக்கினார்கள். அங்கே ஒரு சிவலிங்கம் இருந்தது.

துறவிகளை எரிப்பது நம் நாட்டு வழக்கம் அல்ல. மண்ணில் அடக்கம் செய்து, மேலே லிங்கம் வைப்பார்கள். தாய்க்குத் தீ மூட்டிய மகனை, இந்தக் கடற்கரை மண் ஏற்றுக்கொண்டது.

ஒருவரா, இருவரா?

பட்டினத்தார் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட புலவர்கள் இருந்தார்கள் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. பதினோராம் திருமுறையில் உள்ள 5 நூல்களைப் பாடியவர் ஒருவர். அவற்றில் ஒன்று திருவொற்றியூரைப் பற்றியது. எளிய தமிழில் நிலையாமையைப் பாடிய சித்தர், அவருக்குப் பல நூற்றாண்டு பின் வந்தவர் என்கிறார்கள். மக்களோ இருவரையும் ஒருவராகவே எண்ணி வணங்குகிறார்கள். 1962-ல் டி.எம்.சௌந்தரராஜன் நடித்த "பட்டினத்தார்" படம் அவர் கதையை ஊர்தோறும் கொண்டுசென்றது.

நெருங்கி வந்த கடல்

1870-களில் சென்னைத் துறைமுக வேலை தொடங்கியது. கடலுக்குள் சுவர் எழுந்தது. தெற்கிலிருந்து அலையோடு வரும் மணலை அந்தச் சுவர் தடுத்தது. தெற்கே மணல் குவிந்தது. மெரினா கடற்கரை அகன்றது. வடக்கே மணல் வந்து சேரவில்லை. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. குப்பத்து மக்கள் பலர் வீடு இழந்தார்கள். இன்று கரை நெடுகப் பாறைகளைக் கொட்டி அலையைத் தடுத்திருக்கிறார்கள்.

இந்தக் கரையில்தான் பட்டினத்தார் அடங்கிய இடம் இருக்கிறது. ஆடி மாதம் உத்திராட நட்சத்திரத்தில் குருபூசை நடக்கிறது.

அருகே எண்ணூர் நெடுஞ்சாலை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை வரிசையாக ஊர்கின்றன. தெற்கே சென்னைத் துறைமுகம். வடக்கே எண்ணூர்த் துறைமுகம். இரண்டுக்கும் நடுவே, கப்பலும் சரக்கும் வேண்டாம் என்று உதறிய வணிகர் அடங்கியிருக்கிறார்.

எத்தனை கப்பல் வந்தாலும், எத்தனை கோடி சேர்த்தாலும், கடைசியில் உடன் வருவது எது? லாரியை ஓட்டுகிறவருக்கும் அந்தக் கேள்விதான். சரக்குக்கு உரியவருக்கும் அந்தக் கேள்விதான்.