டிராக்டரில் கியர் விழவில்லையா? வண்டியைப் பிரிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

திருவண்ணாமலை மாவட்டத்தில் மானாவாரி நிலக்கடலை விதைக்க மழை ஈரம் சில நாட்களே கிடைக்கும். அந்த நேரத்தில் டிராக்டரில் கியர் விழாமல் போனால் விதைப்பே தள்ளிப்போகும். பழைய டிராக்டரை வாங்கிச் சரிசெய்து ஓட்டுபவர்களுக்கு இந்தச் சிக்கல் அதிகம். உடனே 'கியர் பாக்ஸ் போய்விட்டது' என்று முடிவு செய்து வண்டியைப் பிரிக்க வேண்டாம். பல நேரங்களில் கோளாறு கிளட்ச்சில்தான் இருக்கும்.

முதல் சோதனை

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்ச்சை முழுவதும் மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள்.

* இன்ஜின் நின்றிருக்கும்போது கியர் எளிதாக விழுந்து, ஓடும்போது மட்டும் 'கரகர' சத்தத்துடன் மறுத்தால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று பொருள்.
* இன்ஜின் நின்றிருக்கும்போதும் விழவில்லை என்றால், கோளாறு கியர் லிவரிலோ, கியர் பாக்ஸிலோ இருக்கலாம். ஆனால், பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டி நின்றாலும் இப்படி ஆகும். மறுபடியும் முயன்ற பிறகே முடிவுக்கு வாருங்கள்.

கிளட்ச்சில் கோளாறு என்றால்

முதலில் பெடலின் வெற்று அசைவை அளவிடுங்கள். பெடலைக் கையால் அழுத்தினால், இறுக்கம் தெரியும் வரை அது இறங்கும் தூரமே இந்த அசைவு. பல மாடல்களில் இது சுமார் 20 முதல் 30 மி.மீ. உங்கள் வண்டிக்கு உரிய அளவைக் கையேட்டில் பாருங்கள். அசைவு அதிகமானால் கிளட்ச் முழுதாக விடுபடாது, கியர் விழாது. குறைந்தால் கிளட்ச் வழுக்கி, பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் சீக்கிரம் தேயும். இணைப்புக் கம்பியின் நட்டைத் திருகியே இதைச் சரிசெய்யலாம். கம்பியின் பின், துளை தேய்ந்திருந்தால் அவற்றை மாற்றுங்கள்.

சேற்றுழவு முடித்து வெகுநாள் நிறுத்தி வைத்த வண்டியில், கிளட்ச் ஹவுசிங்கில் புகுந்த நீரால் பிளேட் துருப்பிடித்து ஒட்டிக்கொள்வதுண்டு. இதற்கு மெக்கானிக்கை அழையுங்கள். கியரில் போட்டபடி ஸ்டார்ட் செய்து உலுக்கிவிட முயன்றால், வண்டி திடீரெனப் பாய்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

லிவர், கியர் பாக்ஸ் கோளாறு என்றால்

ஹை-லோ லிவர் சரியான நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். கியர் லிவர் தொளதொளவென ஆடினால் அதன் அடிமுனை தேய்ந்திருக்கலாம். நியூட்ரலில் வைத்தும் வண்டியைத் தள்ள முடியவில்லை என்றால், ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழுந்து பூட்டிக்கொண்டிருக்கலாம். பல பழைய மாடல்களில் மேல் மூடியை மட்டும் கழற்றி இதைப் பார்த்துவிடலாம். வண்டியை இரண்டாகப் பிரிக்கத் தேவையில்லை.

ஆயிலையும் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. வடித்துவிட்டு முழுவதும் மாற்ற வேண்டும். சத்தம் குறையும் என்று கெட்டியான ஆயிலை ஊற்றாதீர்கள். பல டிராக்டர்களில் கியர் பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். தவறான ஆயிலால் ஹைட்ராலிக் லிஃப்டும் பழுதாகும். ஆயிலில் இரும்புத் துண்டுகள் வந்தால் மட்டும் பிரித்துப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

வராமல் தடுக்க

* கிளட்ச் பெடல் மீது காலை வைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள்.
* சிங்க்ரோமெஷ் இல்லாத பழைய டிராக்டரில், வண்டி முழுதும் நின்ற பிறகே கியர் மாற்றுங்கள்.
* சேற்றுழவுக்கு முன் கிளட்ச் ஹவுசிங்கின் வடிதுளையை அடைத்து, வேலை முடிந்ததும் திறந்து நீரை வடியவிடுங்கள்.
* பல வாரம் நிறுத்தி வைப்பதானால், கையேட்டில் சொல்லியபடி பெடலை மிதித்த நிலையில் பூட்டி வையுங்கள்.

பழுது நீக்க நாளாகும் என்று தெரிந்தால் ஈரத்தை இழக்க வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களை வாடகைக்கு விடுகிறது. 'உழவன்' செயலி வழியாகவோ, உங்கள் பகுதி உதவி செயற்பொறியாளர் அலுவலகத்திலோ பதிவு செய்து விதைப்பை முடித்துவிட்டு, வண்டியை நிதானமாகச் சரிசெய்யுங்கள்.