நீர்த்தாவரங்களுக்கு எவ்வளவு வெளிச்சம் தேவை?

மீன்தொட்டியில் நீர்த்தாவரங்களை வளர்ப்பது பலரும் விரும்பும் பொழுதுபோக்காகும். ஜப்பானைச் சேர்ந்த நிழற்படக் கலைஞர் தக்காஷி அமானோ (1954–2015), காடு, மலை போன்ற இயற்கைக் காட்சிகளைத் தொட்டிக்குள் அமைத்துக் காட்டி, இக்கலையை உலகெங்கும் பரப்பினார். அத்தகைய தொட்டிகளைக் கண்டு ஆர்வம் கொள்பவர்களுள் சிலர், கடையிலுள்ள மிகப் பிரகாசமான விளக்கை வாங்கிப் பொருத்துகின்றனர். சில வாரங்களில் கண்ணாடியிலும் இலைகளிலும் பாசி படர்கிறது, தாவரங்கள் நலிகின்றன. வெளிச்சம் கூடக்கூடச் செடி செழிக்கும் என்னும் எண்ணமே இதற்குக் காரணம்.

தாவரங்கள் ஒளிச்சேர்க்கையின் வழி உணவைத் தயாரிக்கின்றன. இதற்கு ஒளி, நீர், கரிவளி ஆகியவை தேவை. இலையும் வேரும் வளர, நைட்ரஜன், பொட்டாசியம், இரும்பு போன்ற சத்துகளும் வேண்டும். இவற்றுள் எது மிகக் குறைவாக உள்ளதோ, அதுவே வளர்ச்சியின் எல்லையைத் தீர்மானிக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் ஜஸ்டஸ் வான் லீபிக் இக்கருத்தைப் பரவலாக அறியச் செய்தார். அடுப்பில் தீயைக் கூட்டுவதால் மட்டும் பானையில் சோறு பெருகுவதில்லை. அரிசியும் அதற்கேற்ப இருக்க வேண்டும். தொட்டியிலும் அப்படித்தான். கரிவளி, காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஆகவே, நீருக்குள் இருக்கும் செடிக்குப் பெரும்பாலும் முதலில் பற்றாக்குறையாவது கரிவளியே. அந்நிலையில் செடியால் பயன்படுத்த முடியாத மிகுதி வெளிச்சம் பாசிக்குத் துணையாகிறது.

எல்லாத் தாவரங்களுக்கும் ஒரே அளவு வெளிச்சம் தேவைப்படுவதில்லை. மலாயாத் தீபகற்பத்திலும் போர்னியோவிலும் காட்டு நிழலில் ஓடும் சிற்றோடைகளில் கிரிப்டோகொரைன் என்னும் செடி வளர்கிறது. இது சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. மரங்களின் நிழலில் வாழப் பழகிய இச்செடிக்குக் குறைந்த வெளிச்சமே போதும். ஜாவா பெரணியும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அனுபியஸ் செடியும் அவ்வாறே. ஆனால், தரையில் புல்வெளிபோல் படரும் சில சிற்றிலைச் செடிகளுக்கும் செந்நிற இலைச் செடிகள் பலவற்றுக்கும் மிகுந்த வெளிச்சம் வேண்டும். எனவே, முதலில் செடியைத் தேர்ந்தெடுத்து, அதன் பிறகே விளக்கை வாங்க வேண்டும்.

விளக்கின் அளவை எப்படிக் கணக்கிடுவது? முன்பு குழல் விளக்குகளைப் பயன்படுத்தியோர் வாட் அளவைக் கொண்டு கணக்கிட்டனர். எல்.இ.டி. விளக்குகள் குறைந்த மின்சாரத்தில் கூடுதல் ஒளி தருவதால் அம்முறை இன்று பொருந்தாது. அதற்குப் பதிலாக, விளக்குப் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் லூமன் அளவைப் பார்க்கலாம். ஆர்வலர்கள் பின்பற்றும் தோராயக் கணக்கு இது: குறைந்த வெளிச்சத்திற்கு ஒரு லிட்டருக்கு 10 முதல் 20 லூமன், நடுத்தர வெளிச்சத்திற்கு 20 முதல் 40 லூமன், மிகுந்த வெளிச்சத்திற்கு 40 லூமனுக்கு மேல்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு தொட்டியின் நீளம் 60 சென்டிமீட்டர், அகலம் 30 சென்டிமீட்டர், அதில் நிற்கும் நீரின் ஆழம் 30 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 54,000 கன சென்டிமீட்டர், அதாவது 54 லிட்டர் கிடைக்கும். இதில் கிரிப்டோகொரைன் வளர்க்க 540 முதல் 1,080 லூமன் தரும் விளக்கு போதுமானது. புல்வெளிபோல் படரும் செடிகளுக்கோ 2,160 லூமனுக்கு மேல் தேவைப்படும். அவ்வளவு வெளிச்சம் தரும்போது, பெரும்பாலும் உருளையிலிருந்து கரிவளியையும் செலுத்த வேண்டியிருக்கும். அதிலும் கவனம் தேவை. கரிவளி மிகுந்தால் மீன்கள் மூச்சுத் திணறி நீரின் மேற்பரப்புக்கு வரும், உயிரிழக்கவும் நேரிடும்.

லூமன் கணக்கு ஒரு தொடக்கமே. லூமன் என்பது மனிதக் கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தின் அளவு. செடி பயன்படுத்தும் ஒளியை அது நேரடியாகக் காட்டாது. மேலும், விளக்கிலிருந்து தொலைவு கூடக்கூட ஒளி குறைவதால், ஆழமான தொட்டியின் அடியில் வளரும் செடிக்குக் குறைவான வெளிச்சமே எட்டும். வெளிச்சம் அதிகமாகத் தோன்றினால், விளக்கைச் சற்று உயர்த்தலாம். மிதக்கும் செடிகளைக் கொண்டு நிழலும் ஏற்படுத்தலாம்.

விளக்கு எரியும் நேரமும் முக்கியமானது. புதிய தொட்டிக்கு நாள்தோறும் 6 முதல் 8 மணி நேரம் போதும். நேரத்தைச் சீராக வைத்திருக்க, தானாகவே அணைந்து எரியும் டைமர் கருவியைப் பயன்படுத்தலாம். நம் நாட்டு வெயில் கடுமையானது என்பதால், சன்னல் ஓரத்தில் தொட்டியை வைப்பதைத் தவிர்க்க வேண்டும். இரவில் விளக்கை அணைத்துவிட்டால் மீன்களும் ஓய்வெடுக்கும்.

கணக்கிட்டு முடித்த பிறகு, செடிகளைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். தண்டு மெலிந்து நீண்டு, இலைகளுக்கிடையே இடைவெளி கூடினால் வெளிச்சம் போதவில்லை எனலாம். கண்ணாடியில் பச்சைப் பாசி விரைந்து படர்ந்தால் வெளிச்சம் மிகுந்திருக்கக்கூடும். அப்போது விளக்கின் நேரத்தையோ உயரத்தையோ மாற்றலாம். ஆனால், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு வாரம் பொறுத்திருந்து விளைவைப் பார்க்க வேண்டும். பலவற்றை ஒரே நேரத்தில் மாற்றினால், எது பயன் தந்தது என்பதை அறிய இயலாது.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது வெளிச்சத்திற்கும் பொருந்தும். தொட்டிக்குள் வாழும் உயிர்களால் நிழலைத் தேடி வேறிடம் செல்ல முடியாது. அவற்றுக்குப் பகலையும் இரவையும் அளந்து தருவது, விளக்கை இயக்கும் நம் பொறுப்பாகும்.