ஊழியமும் உள்நோக்கமும்

கிறிஸ்தவ ஊழியம் பிற உத்தியோகங்களைப் போன்றதன்று என்று சொல்லிவிடுவது எளிது. ஆயினும் ஊழியனும் உண்ண வேண்டும். அவன் மனைவி மக்களும் உடுக்க வேண்டும். அவனுக்கும் ஒரு பதவி உண்டு. மேலே ஒருவர் இருக்கிறார், கீழே பலர் இருக்கிறார்கள். பேசினால் கேட்பதற்குக் கூட்டம் இருக்கிறது. பணம், அதிகாரம், புகழ் என்னும் மூன்றும் எங்கே கூடுகின்றனவோ, அங்கே மனிதன் எதற்காக உழைக்கிறான் என்ற கேள்வியும் கூடவே வந்து நிற்கும். இது இன்று நேற்று எழுந்த கேள்வியன்று. சீமோன் என்னும் மாயவித்தைக்காரன் ஆவியின் வல்லமையைப் பணங்கொடுத்து வாங்க வந்த செய்தி அப்போஸ்தலர் நடபடிகளிலேயே இருக்கிறது. ஆதாயத்துக்காகவோ அதிகாரம் செலுத்துவதற்காகவோ மந்தையை மேய்க்கலாகாது என்று பேதுருவின் நிருபம் எச்சரிக்கிறது. பவுலோ, கூடாரம் செய்யும் தொழிலால் தம் கைச்செலவைத் தாமே பார்த்துக்கொண்டார்.

அதே பவுல் வேறொன்றும் எழுதியிருக்கிறார். சிலர் பொறாமையினாலும் போட்டியினாலும் பிரசங்கிக்கிறார்கள். அவ்வாறாயினும் செய்தி பரவுகிறதே, அதில் மகிழ்ச்சியே என்பது பிலிப்பியருக்கு அவர் எழுதிய நிருபத்தின் கருத்து. ஆகவே விஷயம் நாம் நினைக்கும் அளவுக்கு நேரானதன்று. கெட்ட நோக்கத்தோடு நல்ல வேலை நடைபெறலாம். நல்ல நோக்கமோ, அதை உடையவனுக்கே முற்றிலும் தெரியும் என்று சொல்வதற்கில்லை. உள்ளத்தைத் தோண்டித் தோண்டிப் பார்ப்பவன் பெரும்பாலும் தனக்குச் சாதகமான தீர்ப்பையே காண்கிறான். அப்படியானால் நேர்மையாக ஊழியம் செய்ய விரும்பும் ஒருவன் என்னதான் செய்வது?

இதற்கு மிகவும் நடைமுறையான ஒரு விடையைக் கண்டவர்கள் வங்காளத்தில் வாழ்ந்தார்கள். கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள செராம்பூர் அக்காலத்தில் டேனிஷ்காரர் வசம் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் பாதிரிமார்கள் குடியேறுவதை விரும்பவில்லை. ஆகவே 1799-இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு முதலியோர் டேனிஷ் கொடியின் நிழலில் ஒதுங்கினார்கள். அவர்களோடு 1800 ஜனவரியில் வந்து சேர்ந்தவர் வில்லியம் கேரி. கேரி செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து போதகரானவர். மார்ஷ்மன் பள்ளி ஆசிரியர். வார்டு அச்சுத் தொழிலாளியாயிருந்து பத்திரிகை ஆசிரியரானவர். மூவரும் தம் கையால் பிழைத்தவர்கள். பணத்தின் அருமை தெரியாத கனவான்கள் அல்லர் என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

கேரிக்குப் பணத்தைப் பற்றி ஒரு கசப்பான அனுபவமும் முன்பே உண்டு. 1793-இல் இந்தியா வந்த அவர், கையில் காசு தீர்ந்துபோகவே, மறு ஆண்டிலிருந்து மட்னாபாட்டி என்னும் ஊரில் அவுரிச் சாயத் தொழிற்சாலை ஒன்றை மேற்பார்க்கும் வேலையில் அமர்ந்தார். இனித் தமக்குப் பணம் அனுப்ப வேண்டியதில்லை என்று இங்கிலாந்துச் சங்கத்துக்கு எழுதினார். சங்கத்தாரோ மகிழ்வதற்குப் பதிலாக, வியாபார ஆசையில் ஊழியத்தை மறந்துவிட வேண்டாம் என்று புத்தி சொல்லி எழுதினார்கள். குடும்பத்தின் எளிய பிழைப்புக்குப் போக எஞ்சியதெல்லாம் ஊழியத்துக்கே செலவாகிறது என்று அவர் வருத்தத்தோடு பதில் எழுத வேண்டியதாயிற்று. ஒருவன் சம்பாதிப்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு அவன் நோக்கம் தெரியாது. சம்பாத்தியம் மட்டுமே தெரியும்.

செராம்பூரில் கூடிய குடும்பங்கள் ஒரு பெரிய வீட்டை வாங்கி ஒன்றாகக் குடியேறின. குடியேறிய சில நாட்களுக்குள், அதே ஜனவரி மாதத்தில், வீட்டுக்குச் சில விதிகளை வகுத்தார்கள். வார்டு தம் நாட்குறிப்பில் அவற்றைக் குறித்து வைத்திருக்கிறார். பிரசங்கமும் ஜெபமும் முறைவைத்து நடத்துவது. வீட்டு நிர்வாகத்தை ஒருவர் ஒரு மாதம் பார்த்தால் மறு மாதம் வேறொருவர் பார்ப்பது. பணப்பெட்டியும் மருந்துப்பெட்டியும் கேரியின் பொறுப்பு. யாரும் தமக்கெனத் தனி வியாபாரம் செய்யலாகாது, வருவதெல்லாம் பொதுவுக்கே. இவற்றோடு மற்றொரு விதி. சனிக்கிழமை மாலை நேரம், வாரத்தில் ஏற்பட்ட மனஸ்தாபங்களைப் பேசித் தீர்த்துக்கொள்வதற்கென்று ஒதுக்கப்பட்டது.

இந்த விதிகளில் எதுவும் இன்ன நோக்கத்தோடு ஊழியம் செய் என்று கட்டளையிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நோக்கத்தைக் கட்டளையிட முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பணத்தாசை வந்தாலும் அதற்குத் தீனி கிடைக்காதபடி பொதுப்பெட்டியை வைத்தார்கள். தலைமை ஆசை வந்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் செல்லாதபடி முறை வைத்தார்கள். பகை வரும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்து அதற்கு ஒரு மாலைப் பொழுதையே ஒதுக்கிவைத்தார்கள். தம்மை நல்லவர்கள் என்று நம்பியவர்கள் செய்யும் ஏற்பாடன்று இது. தம்மை நன்றாக அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு.

சோதனையும் விரைவில் வந்தது. கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்கு இந்திய மொழிகளைக் கற்பிக்கக் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி 1800-இல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியை நிறுவினார். வங்காளி புதிய ஏற்பாட்டை 1801-இல் அச்சிட்டு முடித்திருந்த கேரி, அவ்வாண்டே அங்கு வங்காளி ஆசிரியராக அழைக்கப்பட்டார். சம்பளம் மாதம் 500 ரூபாய். 1807-இல் பேராசிரியர் ஆனபோது 1000 ரூபாய். அந்தக் காலத்து ஆயிரம் ரூபாய் என்றால் அதன் கனத்தை நேயர்களே மதிப்பிட்டுக்கொள்ளலாம். கேரி தாமாக முடிவு செய்யாமல் தோழர்களைக் கலந்துகொண்டே வேலையை ஏற்றார். சம்பளம் பொதுப்பெட்டிக்குச் சென்றது. கல்லூரிக்கும் அரசாங்க மாளிகைக்கும் போகும்போது மதிப்பாக உடுத்துவதற்கென மட்டும் அவர் பங்கில் சிறிது கூட்டிக் கொடுத்தார்கள். மார்ஷ்மனும் அவர் மனைவி ஹன்னாவும் நடத்திய விடுதிப் பள்ளிகளின் வருமானம், வார்டின் அச்சகத்து வருமானம் ஆகியவையும் அதே பெட்டியில் விழுந்தன.

1805 அக்டோபரில் இவ்விதிகள் விரிவான ஓர் உடன்படிக்கையாயின. பதினொரு பகுதிகள் கொண்ட அது, ஆண்டுக்கு மூன்று முறை, ஜனவரி, மே, அக்டோபர் மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமையன்று, ஒவ்வொரு நிலையத்திலும் வாசிக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருமுறை கையெழுத்திட்டதோடு நோக்கம் நிலைத்துவிடுவதில்லை என்ற அறிவு அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. தங்கள் நேரம், திறமை, குடும்பம், உடுத்திய உடை எதுவும் தங்களுடையதன்று என்பது அதன் கடைசிப் பகுதியின் சாரம்.

பணத்தை இவ்வாறு கட்டலாம். புகழைக் கட்டுவது கடினம். 1812 மார்ச் 11-ஆம் நாள் மாலை செராம்பூர் அச்சகத்தில் தீப்பற்றிக்கொண்டது. காகிதக் குவியல், பல மொழி அச்செழுத்துகள், கேரி பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் பிரதி எல்லாம் சாம்பலாயின. செய்தி இங்கிலாந்தை எட்டிய இரண்டு மாதங்களுக்குள் நஷ்டம் முழுவதற்கும் பணம் திரண்டது. அதுவரை கேரியின் பெயரைக் கேள்விப்படாதவர்களும் அவரைப் புகழ்ந்தார்கள். அவருடைய உருவப்படத்துக்குப் பெருந்தொகை தர முன்வந்தார்கள். சங்கத்தின் காரியதரிசி ஆண்ட்ரூ புல்லர் இதைக் கண்டு மகிழவில்லை, நடுங்கினார். இந்தத் தூபவாசனையை நாம் முகரத் தொடங்கினால் நம் வேலை என்னவாகும் என்ற அச்சத்தை அவர் செராம்பூருக்கு எழுதித் தெரிவித்தார். தீ எரித்ததைக் காட்டிலும் தீக்குப் பின் வந்த புகழ் அவரைக் கவலைக்குள்ளாக்கியது.

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நம்மைப் போன்றவர்களுக்கு இவ்விடத்தில் ஓர் உறுத்தல் உண்டாகிறது. செராம்பூரிலிருந்து பல மொழிகளில் வேதநூல் வெளிவந்ததைச் சொல்லும்போது கேரியின் பெயரையே உலகம் சொல்கிறது. ராம்ராம் பாசு, மிருத்யுஞ்சய வித்யாலங்கார் போன்ற பண்டிதர்கள் இல்லாமல் அவருடைய வங்காளி மொழி அந்த அளவுக்குத் தேறியிருக்காது. எழுத்து வெட்டிய பஞ்சானன் கர்மகாரும் அவர் மருமகன் மனோகரும் இல்லாமல் அது அச்சேறியிருக்காது. பொதுப்பெட்டியில் பணத்தைப் போட்டவர்கள் புகழையும் அவ்வாறே போட்டார்களா? முழுவதும் போட்டார்கள் என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கேரியின் மனைவி டாரதி முதலில் கப்பலேற மறுத்தவர். கடைசி நேரத்தில் இசைந்து வந்தவர். மட்னாபாட்டியில் 1794-இல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். அதன்பின் அந்த அம்மையாரின் மனம் பேதலித்தது. 1807-இல் இறக்கும்வரை அது தெளியவில்லை. கணவர் ஓர் அறையில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க, அடுத்த அறையில் அவர் அடைபட்டுக் கிடந்த காலமும் உண்டு. கேரியின் நோக்கத்தில் மாசு இருந்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனால் தூய நோக்கத்துக்கும் விலை உண்டு. அந்த விலையை எப்போதும் நோக்கம் உடையவரே கொடுக்கிறார் என்பதில்லை. ஊழியத்தைப் பற்றிய புகழுரைகள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகின்றன.

1815-இல் புல்லர் இறந்தார். சங்கத்தின் புதிய நிர்வாகிகள் செராம்பூர்ச் சொத்துக்களைப் பற்றிக் கேள்விகள் கேட்டார்கள். நிலமும் கட்டடங்களும் மூவரின் உழைப்பில் வாங்கப்பட்டவை. மூவரும் அவற்றைத் தர்மகர்த்தாக்களாகவே வைத்திருந்தார்கள். ஆனால் பின்னால் வந்த இளைஞர்களுக்கு அவர்கள் தர்மகர்த்தாக்களாகத் தோன்றவில்லை, எஜமானர்களாகத் தோன்றினார்கள். குறிப்பாக மார்ஷ்மன் ஆதிக்கம் செலுத்துகிறார், செல்வம் சேர்க்கிறார் என்று பேசினார்கள். இளைஞர்கள் பிரிந்து கல்கத்தாவில் தனி நிலையம் அமைத்துக்கொண்டார்கள்; அவர்களுள் கேரியின் சொந்தத் தம்பி மகனான யூஸ்டஸ் கேரியும் ஒருவர். 1827-இல் செராம்பூருக்கும் தாய்ச் சங்கத்துக்கும் இருந்த உறவே முறிந்தது. மூவர் தமக்குள் மனமுவந்து இட்டுக்கொண்ட விதி, தாம் இடாத விதியாக அடுத்த தலைமுறைக்கு வந்து சேர்ந்தது. மாதத்துக்கு மாதம் மாறிய நிர்வாகம் இருபது ஆண்டுகளில் மாறாத மூவராக உறைந்துவிட்டது. இளைஞர்களின் குற்றச்சாட்டில் பணத்தைப் பற்றிய பகுதி தவறு. அதிகாரத்தைப் பற்றிய பகுதியை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது.

பணத்தைப் பற்றிய பகுதி தவறென்பதற்குச் சாட்சி, கேரி எழுதி வைத்த உயில். அவர் 1834 ஜூன் 9-ஆம் நாள் காலமானார். செராம்பூர் மிஷன் நிலத்திலும் கட்டடத்திலும் தமக்கு எவ்வித உரிமையும் இல்லை, இருந்ததாக ஒருபோதும் எண்ணியதுமில்லை என்று உயிலின் தொடக்கத்திலேயே அறிவித்திருந்தார். மகன் ஜேபஸுக்கு 1500 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது; கையில் பணமில்லை. நூலகத்தை ஏலம் போட்டு அத்தொகையைக் கொடுக்கும்படி எழுதியிருந்தார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அரசாங்கச் சம்பளம் வாங்கியவரின் உயில் அது.

அதிகாரத்தைப் பற்றிய கேள்விக்கு விடை, பல பத்தாண்டுகள் கழித்து, நாம் வசிக்கும் இந்தத் தில்லியில் ஒருவாறு கிடைத்தது. கேம்பிரிட்ஜ் மிஷன் 1881-இல் இங்கே நிறுவிய செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்கு 1904-இல் ஆசிரியராக வந்தவர் சி. எப். ஆண்ட்ரூஸ். 1906-இல் முதல்வர் பதவி காலியாயிற்று. இளைஞரான ஆண்ட்ரூஸ் ஆங்கிலேயர். கல்லூரியில் நெடுங்காலம் பணிபுரிந்த சுசீல் குமார் ருத்ரா வங்காளி. அக்கால வழக்கப்படி எவர் முதல்வராவார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆண்ட்ரூஸ் மறுத்தார், ருத்ராவே முதல்வராக வேண்டும் என்று வற்புறுத்தினார். அவ்வாறே ருத்ரா அக்கல்லூரியின் முதல் இந்திய முதல்வராகி 1923 வரை அப்பதவியில் இருந்தார். ஆண்ட்ரூஸ் அவருக்குக் கீழே மகிழ்ச்சியோடு வேலை பார்த்தார். பதவியை வேண்டாம் என்று சொல்வதைக் காட்டிலும், விட்டுக்கொடுத்த பதவியில் இருப்பவருக்குக் கீழே தொடர்ந்து பணிபுரிவது கடினம் என்பது அலுவலகங்களில் காலங்கழித்தவர்களுக்குத் தெரியும்.

இந்த நிகழ்ச்சிக்கு ஓராண்டு முன்னர், 1905 கிறிஸ்துமஸ் நாளன்று, செராம்பூரில் இந்தியக் கிறிஸ்தவர்கள் சிலர் கூடித் தேசிய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தியரின் பணத்தால், இந்தியரின் நிர்வாகத்தில், இந்தியரே ஊழியம் செய்வது என்பது அவர்கள் கொண்ட கொள்கை. அதில் முன்னின்றவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வே. சா. அசரியா. மற்றவர்களை அனுப்பிவிட்டுத் தாம் காரியதரிசியாக அமர்ந்திருக்க அவர் மனம் இடந்தரவில்லை. 1909-இல் தோர்ணக்கல் சென்று தெலுங்கு கற்று, ஏழை மக்களிடையே ஊழியம் செய்யத் தொடங்கினார். மறு ஆண்டு எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மகாநாட்டில் பேசும்போது, மேல்நாட்டு ஊழியர்களின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. உணவையும் உடலையும் கொடுத்தவர்கள் இந்திய உடன் ஊழியனைத் தம் வீட்டில் சமமாக உட்காரவைத்து நட்பைக் கொடுக்கவில்லையே என்றுதான் கேட்டார். சபையிலிருந்தோர் பலருக்கு அது கசந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1912 டிசம்பர் 29-ஆம் நாள், கல்கத்தா செயின்ட் பால் தேவாலயத்தில் அவர் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. 1945 ஜனவரி முதல் நாள் இறக்கும்வரை தோர்ணக்கல்லை விட்டு அவர் மாறவில்லை.