வளிமத் தாங்கி (மகிழுந்து முகப்பு மூடி)

வளிமத் தாங்கி என்பது, அழுத்தப்பட்ட வளிமத்தின் விசையைக் கொண்டு கதவு, மூடி முதலியவற்றைத் தூக்கி நிறுத்த உதவும் உருளை வடிவக் கருவி ஆகும். கடைவழக்கில் இது கேஸ் ஸ்டிரட் எனப்படுகிறது. சிறிய மகிழுந்துகளின் பின்கதவுகளில் இதனைக் காணலாம். ஆனால் விலை குறைந்த மகிழுந்துகள் பலவற்றில் பானெட் எனப்படும் முகப்பு மூடியை ஒரு முட்டுக்கம்பியே தாங்குகிறது. அக்கம்பிக்குப் பதிலாக வளிமத் தாங்கிகளை உரிமையாளர்கள் பின்னர் பொருத்திக்கொள்வதும் உண்டு. இம்மாற்றம் தகுந்ததா என்பது மூடியின் எடையை மட்டுமன்றி, ஊரின் வெப்பத்தையும் காற்றையும் பொறுத்தது. தென்காசி மாவட்டத்திலுள்ள சங்கரன்கோவில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

அமைப்பும் செயற்பாடும்

மூடப்பட்ட எஃகு உருளை, அதனுள் நகரும் பிஸ்டன், வெளியே நீளும் தண்டு, கசிவைத் தடுக்கும் வளையம் ஆகியன இதன் உறுப்புகள். உள்ளே இருப்பது எரிவாயு அன்று. எளிதில் வினைபுரியாத நைட்ரசன் ஆகும். உராய்வைக் குறைக்கவும் வேகத்தைத் தணிக்கவும் சிறிதளவு எண்ணெயும் இருக்கும்.

பிஸ்டனில் நுண்துளை உள்ளதால் அதன் இருபுறமும் அழுத்தம் சமமாகிறது. எனினும் தண்டு உள்ள பக்கத்தில் அழுத்தம் தாக்கும் பரப்பு குறைவு. ஆகவே தண்டின் குறுக்குப் பரப்பை அழுத்தத்தால் பெருக்கினால் வெளித்தள்ளும் விசை கிடைக்கும். 8 மி.மீ. விட்டமுள்ள தண்டின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர மி.மீ. அது 200 நியூட்டன் விசை தர வேண்டுமாயின், உள்ளே ஏறத்தாழ 40 பார் அழுத்தம் தேவை. இது வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 40 மடங்காகும்.

விசைக் கணக்கு

15 கிலோகிராம் எடையுள்ள மூடி ஒன்றின் எடைமையம், கீலிலிருந்து அரை மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். மூடி 50 பாகை திறந்திருக்கும்போது அதனைக் கீழே இழுக்கும் திருப்புதிறன் ஏறத்தாழ 47 நியூட்டன் மீட்டர். 200 நியூட்டன் தாங்கிகள் இரண்டு, கீலிலிருந்து 15 செ.மீ. செங்குத்துத் தொலைவில் விசை செலுத்தினால் 60 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். எனவே மூடி நிற்கும்.

இந்தக் கூடுதல் அளவு பெரிதன்று. ஆண்டுகள் செல்லச் செல்ல வளையத்தின் வழியே நைட்ரசன் சிறிது சிறிதாகக் கசியும். ஒவ்வொரு தாங்கியின் விசையும் ஏறத்தாழ 157 நியூட்டனுக்குக் கீழே குறைந்தால், மேலே சொன்ன மூடி தானாக இறங்கத் தொடங்கும். அவ்வேளையில் அடியில் குனிந்திருப்பவரின் தலையே முதலில் அடிபடும். முட்டுக்கம்பிக்கு இக்குறை இல்லை.

வெப்பத்தின் விளைவு

மாறாக் கனஅளவில் வளிமத்தின் அழுத்தம் அதன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் மாறும். 20 பாகை செல்சியசில் 200 நியூட்டன் தரும் தாங்கி, கோடையின் 40 பாகையில் ஏறத்தாழ 214 நியூட்டன் தரும். இயந்திர அறை 80 பாகை வரை சூடேறினால் அது 240 நியூட்டனை எட்டும். எனவே வலிமை மிகுந்த தாங்கிகளைத் தேர்ந்தால், சூடான வண்டியில் மூடியை அழுத்தி மூடுவது கடினமாகும். மெல்லிய தகடு வளையவும் கூடும். குளிர்ந்த காலையில் விசை குறைந்திருக்கும் என்பதால், பழைய தாங்கியின் தளர்வை அப்போதே சோதித்தறிவது நல்லது.

காற்றின் விளைவு

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் பலத்த காற்று, சங்கரன்கோவில் வட்டாரத்தையும் எட்டுகிறது. இப்பகுதியில் காற்றாலைகள் நிறுவப்பட்டிருப்பதற்கு இக்காற்றே காரணம். நொடிக்கு 15 மீட்டர் வேகமுள்ள காற்று, 1.2 சதுர மீட்டர் பரப்புள்ள திறந்த மூடியின் மீது ஏறத்தாழ 160 நியூட்டன் விசை செலுத்தவல்லது. இது அம்மூடியின் எடைக்கு நிகரானது.

வண்டியின் முன்புறமிருந்து வீசும் காற்று மூடியை மேலே தூக்கும். அப்போது முட்டுக்கம்பி துளையிலிருந்து கழன்றுவிடலாம். தாங்கிகள் மூடி அளவுக்கு மீறித் திறக்காமல் தடுக்கும். ஆனால் பின்புறமிருந்து வீசும் காற்று மூடியைக் கீழே தள்ளும். அதன் திருப்புதிறன் 80 நியூட்டன் மீட்டர் வரை இருக்கக்கூடும்; தாங்கிகளிடம் மீதமிருப்பதோ 13 மட்டுமே. இந்நிலையில் வளைந்துகொடுக்காத முட்டுக்கம்பியே மூடியைத் தாங்கும்.

பொருத்துதல்

தாங்கி பொருத்திய பின்னும் முட்டுக்கம்பியைக் கழற்றாமல் வைத்திருப்பதும், முழுதாக நீண்ட தாங்கியின் திறப்பு அக்கம்பியின் திறப்போடு ஒத்திருப்பதும் முதன்மையானவை. மேலும் கவனிக்க வேண்டியவை:

* ஒரு பக்கம் மட்டும் பொருத்தினால் மூடி முறுக்குண்ணும். எனவே இணையாகவே பொருத்த வேண்டும்.
* மூடிய நிலையிலும் தண்டு முழுதாக உள்ளே சென்று முட்டக்கூடாது. முட்டினால் பூட்டும் கீலும் சேதமடையும்.
* மூடிய நிலையில் தண்டு கீழ்நோக்கி இருந்தால் எண்ணெய் வளையத்தை நனைத்துக்கொண்டிருக்கும், ஆயுள் கூடும்.
* புதிதாகத் துளையிட்டால் அவ்விடத்தில் துருப்பிடிக்கும். ஏற்கெனவே உள்ள திருகாணி இடங்களைப் பயன்படுத்துவதே நன்று.

சட்ட நிலை

1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. முகப்பு மூடியின் தாங்கி அச்சான்றிதழில் குறிக்கப்படும் விவரம் அன்று. எனினும் உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியாயின், விதிகளை முன்னரே படித்தறிய வேண்டும்.

அகற்றுதல்

விசை குன்றிய தாங்கியிலும் உயர் அழுத்தம் எஞ்சியிருக்கும். அதனை அறுப்பதும், துளையிடுவதும், தீயிலிடுவதும் ஆபத்தானவை. பழைய இரும்புக் கடையில் கொடுக்கும்போது அது அழுத்தமூட்டப்பட்ட உருளை என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.