பகலில் உறங்கும் பூனையும் களஞ்சியத்து நெல்லும்

பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் நெல் சேர்த்து வைக்கும் குடியானவர் இல்லங்களிற் பூனையைக் காண்பது அரிதன்று. அப்பிராணி பகல் முழுவதும் வைக்கோற்போரின் மீதோ அடுப்பங்கரையிலோ சுருண்டு கிடப்பதைக் கண்டு, அதனைச் சோம்பேறி என்று ஏசுவோர் உளர். பாலை நிறுத்திப் பட்டினியிட்டால் எலி பிடிக்கும் என்று எண்ணுவோரும் உளர். இவ்விரு எண்ணங்களும் பிழையானவை. பூனையின் உறக்கம் எத்தன்மையது என்பதை அறிந்து நடப்பின், களஞ்சியத்தில் உண்டாகும் நஷ்டம் குறையும். பூனையின் உயிரும் காக்கப்படும்.

வளர்ந்த பூனை நாளொன்றுக்கு 12 முதல் 16 மணி நேரம் வரை உறங்கும். குட்டிகளும் முதிர்ந்த பூனைகளும் இதனினும் அதிகம் உறங்கும். மனிதரைப் போல ஒரே தொடர்ச்சியாக உறங்காமல், பல சிறு உறக்கங்களாகப் பகுத்து உறங்குவது அதன் சுபாவம். இவற்றுட் பெரும்பாலானவை இலேசான உறக்கமே. கண் மூடியிருப்பினும் காதுகள் ஒலி வரும் திசைக்குத் திரும்பும். சிறு சலசலப்பிலும் அது எழுந்துவிடும். பதுங்கியிருந்து திடீரெனப் பாய்ந்து இரை பிடிக்கும் பிராணிக்கு அப்பாய்ச்சலில் மிகுந்த சக்தி செலவாகிறது. அதனை உறக்கத்தினாலேயே சேமித்துக் கொள்கிறது. எலிகள் வளையை விட்டு வெளிவருவது அந்தி முதலாகவே. ஆகையால் பூனையும் அந்தியிலும் வைகறையிலும் மிகுந்த சுறுசுறுப்புடன் இருக்கும். பகலுறக்கம் இரவு வேலைக்குச் செய்யும் ஆயத்தமேயன்றிச் சோம்பலன்று.

இலேசான உறக்கத்தின் நடுவே சில நிமிஷங்கள் ஆழ்ந்த உறக்கமும் வரும். அப்பொழுது உடல் முற்றிலும் தளர்ந்திருக்க, மீசையும் பாதங்களும் மட்டும் துடிக்கும். உடல் அயர்ந்தும் மூளை விழித்தது போன்று தொழிற்படும் இந்நிலையைப் பிரெஞ்சு தேசத்து லியோன் நகரில் மிஷேல் ஜூவே என்பவர் பூனைகளிடத்தே ஆராய்ந்து, 1959-இல் ‘முரணுறக்கம்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். ஆகவே, உறக்கத்திற் பூனை துடிப்பது வலிப்பன்று. அவ்வேளையில் திடுக்கிட எழுப்பினால் கீறவோ கடிக்கவோ கூடுமாதலால், சிறுவர்கள் அதனைத் தொடாதிருக்குமாறு பார்த்துக் கொள்க.

வறுமையைக் குறிக்க, அடுப்பிற் பூனை உறங்குகிறது என்பது நம்மவர் வழக்கு. பூனை அடுப்பை நாடுவதற்குக் காரணமும் உண்டு. தன் உடற்சூட்டைக் காக்கத் தனியே சக்தி செலவிட வேண்டாத வெப்பம் பூனைக்குச் சுமார் 30 முதல் 38 டிகிரி சென்டிகிரேடு ஆகும். மார்கழி, தை மாதத்து இரவுகள் இதனினும் குளிர்ந்தவையாதலின், அது வெதுவெதுப்பான இடத்தைத் தேடுகிறது.

இனி, பூனையால் ஆகக்கூடியது எவ்வளவு என்பதையும் அறிதல் வேண்டும். நியூயார்க் நகரின் குப்பை நிலையமொன்றிற் காமிராக்களைக் கொண்டு 79 நாட்கள் கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பூனைகள் கொன்ற பெரிய எலிகள் இரண்டே. சுண்டெலியையும் இளம் எலியையும் எளிதிற் பிடிக்கும் பூனை, பெருச்சாளியை எதிர்க்கத் தயங்கும். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த சார்லஸ் எல்டன் பண்ணைப் பூனைகளை ஆராய்ந்து 1953-இல் எழுதியது நமக்கு மிகவும் பயன்படும். முன்னரே எலி பெருகிவிட்ட பண்ணையைப் பூனைகளால் மட்டும் சுத்தம் செய்ய இயலவில்லை. ஆனால், முதலில் எலிகளை ஒழித்து, பின்பு பூனைகளுக்குப் பால் கொடுத்து அங்கேயே தங்கச் செய்தபோது, கட்டிடங்களைச் சுற்றிச் சுமார் 50 கஜ தூரம் வரை எலி மீண்டும் குடிபுகாமல் தடுக்கப்பட்டது. பசித்த பூனை வேறிடம் போய்விடும்; உணவு பெற்ற பூனை வீட்டிலே தங்கி வேட்டையாடும்.

ஆகையால் குடியானவர்கள் பின்வருமாறு செய்தல் நலம்:

1. சம்பா அறுவடைக்குப் பின் வயலெலிகள் வீட்டையும் போரையும் நாடும். அதற்கு முன்னரே களஞ்சியத்தின் துவாரங்களை அடைத்து, உள்ளிருக்கும் எலிகளைப் பொறி வைத்துப் பிடிக்க.

2. பகலில் பூனையின் உறக்கத்தைக் கலைக்க வேண்டாம். களஞ்சியத்திற்கு அருகே உலர்ந்த சாக்கு விரித்த இடம் ஒன்று அதற்கு இருக்கட்டும். நெற்குவியலின் மீது உறங்க விடலாகாது.

3. நாள்தோறும் சிறிது உணவும் நீரும் கொடுக்க. அந்தி வேளையில் அதனை அறைக்குள் பூட்டி வைக்க வேண்டாம்.

4. வயல் வரப்பிலுள்ள எலிகளைப் பூனையிடம் விட்டுவிடாமல், வரப்பைச் செதுக்கிச் சிறுத்தும், தஞ்சாவூர்க் கிட்டி வைத்தும் ஒழிக்க.

விஷம் வைப்பதிலே மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். புரோமாடியோலோன் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தளர்ந்து திரியும். அத்தகைய எலியைப் பூனை எளிதிற் பிடித்துத் தின்று, தானும் உள்ளே இரத்தம் கசிந்து சோர்ந்து கிடக்கும். அச்சோர்வை வழக்கமான உறக்கமென்று எண்ணி வாளாவிருப்பதனாற் பூனைகள் மடிகின்றன. உறங்கும் பூனை அந்தியில் எழுந்து, உடலை நீட்டி முறித்து, உணவைத் தேடும். நோயுற்ற பூனையோ அந்தியிலும் எழாது, உணவை மறுக்கும். அதன் ஈறுகள் வெளுத்திருக்கும். இக்குறிகளைக் கண்டவுடன் தாமதியாது கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்க. குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிலையம் உள்ளது. இவ்விஷத்திற்கு மாற்றாக வைட்டமின் கே-1 உண்டு. காலத்தே கொடுத்தாற் பிழைக்கும். ஜிங்க் பாஸ்பைடோ வயிற்றிற் சென்று நச்சு வாயுவாக மாறுவது. அதற்குத் தனி மாற்று மருந்து இல்லை.

கிராமத்தார் ஒன்றுகூடி விஷ உணவு வைக்கும்போது, கிராம அதிகாரிகள் நாளையும் இடத்தையும் முன்னதாகவே யாவர்க்கும் அறிவித்தல் வேண்டும். அந்நாட்களில் மட்டும் பூனைகளை வீட்டினுள் அடைத்து உணவளிக்கவும், இறந்த எலிகளைக் காலைதோறும் பொறுக்கி ஆழப் புதைக்கவும் ஏற்பாடு செய்க. விஷத்தால் எலி ஒழிந்த களஞ்சியத்திற்கு மீண்டும் எலி வாராமற் காக்கவேண்டிய பூனையும் அவ்விஷத்தாலேயே மாண்டால், மறு அறுவடைக்குள் எலிகள் திரும்பக் குடியேறும் என்பதை யாவரும் மனத்திற் கொள்வாராக.