முதல் தட்டு யாருக்கு?



திருவருகைக் கால வளையத்தில் முதலாவது ஊதாநிற மெழுகுதிரி ஏற்றப்பட்டதும் எமது வீடுகளின் குசினிகளிலும் ஒரு பரபரப்புத் தொடங்கிவிடுகின்றது. பயறு வறுக்கும் வாசனை ஒரு வீட்டிலிருந்தும், முந்திரிகை வற்றலும் இஞ்சிப் பாகும் நறுக்கும் ஓசை மற்றொரு வீட்டிலிருந்தும் எழுகின்றன. அவ்வேளையில் மாவிலே கைவைக்க ஓடிவரும் சிறு பிள்ளையை நாம் என்ன செய்கின்றோம்? “அங்கால போய் விளையாடு, வேலையைக் குழப்பாதே” என்று விரட்டுகின்றோமா? அல்லது ஒரு சிறிய பலகையைப் போட்டு அருகில் இருத்திக் கொள்கின்றோமா? அற்பமாகத் தோன்றும் இக்கேள்வியில் எமது விசுவாச வாழ்வைத் தொடும் ஒரு பெரிய விடயம் அடங்கியிருக்கின்றது. அதனை இவ்வாரம் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

வீடே கோயிலாக இருந்த காலம்

நத்தார், குசினி, போறணை, பாண், விசுக்கோத்து ஆகிய சொற்களை நாம் நாள்தோறும் பேசுகின்றோம். இவை யாவும் போர்த்துக்கேய மொழியிலிருந்து எம்மிடம் வந்து சேர்ந்தவை. விழாவின் பெயரும், அவ்விழாவுக்குச் சமைக்கும் இடத்தின் பெயரும், சுடும் அடுப்பின் பெயரும் ஒரே வழியாக எமது நாவில் ஏறியிருக்கின்றன. அவற்றுடன் பயற்றம் பணியாரமும் முறுக்கும் அரியதரமும் சேர்ந்துகொண்டன. இவ்வாறு எமது மண்ணின் பலகாரங்களும் கடல் கடந்து வந்த கேக்கும் ஒரே தட்டில் இடம்பிடித்தன.

1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமான பின்னர் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. கோயில்கள் பறிபோயின, குருக்கள் வெளியேற்றப்பட்டனர். 1687 இல் புனித யோசேவ் வாஸ் அடிகளார் ஏழையின் கோலத்தில் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தபோது, விசுவாசம் அணையாமல் இருந்த இடம் வீடுகளே. 1689 ஆம் ஆண்டின் நத்தார் இரவில், திருப்பலிக்காக வீடுகளில் இரகசியமாகக் கூடிய கத்தோலிக்கரை ஒல்லாந்த வீரர்கள் சுற்றிவளைத்துக் கைது செய்தனர். எமது முன்னோரின் நத்தார் அத்தகைய விலை கொடுத்துக் காக்கப்பட்டது. கோயில் மணி ஒலிக்காத அந்த ஆண்டுகளில் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தவர்கள் தாய்மாரும் பாட்டிமாருமே. குடும்பத்தை ஓர் இல்லத் திருச்சபை என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 இல் குறிப்பிட்டபோது, அது எமக்கு முற்றிலும் புதிய செய்தியாக இருந்திருக்க முடியாது. எமது மக்கள் அதனை முன்னரே வாழ்ந்து பார்த்திருந்தார்கள்.

குசினியில் நடக்கும் மறைக்கல்வி

காத்திருத்தலைப் பற்றி ஐந்து வயதுப் பிள்ளைக்கு எவ்வாறு விளக்குவது? நத்தார்க் கேக்கைப் பாருங்கள். அதற்கான வற்றல்களையும் பாகுகளையும் வாரக்கணக்கில் முன்கூட்டியே நறுக்கி, பிராந்தி சேர்த்து, போத்தலில் இட்டு மூடிவைக்கின்றோம். நாளுக்கு ஒரு தடவை போத்தலைக் குலுக்கிவிடும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். “இண்டைக்குச் செய்யலாமோ?” என்று பிள்ளை கேட்கும். “இன்னும் இல்லை, இரண்டாவது மெழுகுதிரி கொளுத்தட்டும்” என்று நீங்கள் கூறுவீர்கள். திருவருகைக் காலம் என்றால் என்னவென்பதை அப்பிள்ளை அந்தப் போத்தலிலிருந்து கற்றுக்கொள்ளும். பிராந்தியை விரும்பாதவர்கள் தோடம்பழச் சாற்றில் ஊறவைக்கலாம். ஆயின் அதனைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

ரவையை இலேசாக வறுத்து, பட்டருடன் கலந்து, சீனியும் முட்டையும் அடித்துச் சேர்த்து, ஊறிய பழங்களைக் கொட்டிக் கிளறும்போது வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு தடவை அகப்பையைப் பிடிக்கட்டும். தந்தையும் பிடிக்கட்டும். குசினி பெண்களுக்கு மட்டும் உரியதென்ற எண்ணத்துடன் எமது ஆண்பிள்ளைகள் வளரத் தேவையில்லை. பின்னர் குறைந்த சூட்டில், நீண்ட நேரம், அவசரமின்றிக் கேக் வேகவேண்டும். சூட்டைக் கூட்டினால் மேற்புறம் கருகும், உட்புறம் வேகாது. பிள்ளை வளர்ப்பும் அத்தகையதே என்பதை அனுபவமுள்ள தாய்மார் அறிவார்கள்.

மின்சாரமோ எரிவாயுவோ இல்லாத போர்க்காலத்திலும் வடக்கில் கேக் சுட்டோம் என்பதை உங்களில் பலர் நினைவுகூருவீர்கள். பெரிய சட்டியில் மணலைப் பரப்பி, அதன்மேல் கேக் தட்டை வைத்து, மூடிக்கு மேலே தணலை இட்டு, ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் காத்திருந்த இரவுகள் அவை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவுக்காக வரிசையில் நின்றபோது பலருக்கு அந்த மணற்சட்டி மீண்டும் ஞாபகத்திற்கு வந்தது. போறணை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். விழாவுக்கு வேண்டியது விலையுயர்ந்த உபகரணம் அன்று.

பிள்ளையின் வயதுக்கேற்ற வேலையைக் கொடுப்பது அவசியம். மூன்று, நான்கு வயதினர் முந்திரிகை வற்றலின் காம்புகளைக் கிள்ளலாம்; மாவை அரிதட்டில் அரிக்கலாம். ஆறு, ஏழு வயதினர் பயற்றம் பணியாரத்திற்கு உருண்டை பிடிக்கலாம். வறுத்து அரைத்த பயற்றம் மாவுடன், சிவக்க வறுத்த தேங்காய்ப்பூ, சீனிப்பாகு, மிளகு, சீரகம், ஏலம் ஆகியவற்றைக் கலந்து இளஞ்சூட்டிலேயே பிடித்துவிட வேண்டும். ஆறிவிட்டால் உதிர்ந்துபோகும். கைபொறுக்கும் சூடு வந்துவிட்டதா என்பதைப் பெரியவர் முதலில் தொட்டுப் பார்த்த பின்னரே பிள்ளையிடம் கொடுக்கவேண்டும். கொதிக்கும் பாகும் கொதிக்கும் எண்ணெயும் உள்ள அடுப்பருகே சிறுவர்களை ஒருபோதும் விடலாகாது. பொரிக்கும் வேலை பெரியவர்களுக்கே உரியது.

கொக்கிஸ் சுடும்போது பிள்ளைகள் சற்றுத் தூரத்தில் இருந்து பார்க்கட்டும். அச்சு எண்ணெயில் நன்றாகச் சூடேறாவிட்டால் மா ஒட்டாது. அச்சை முழுவதுமாக மாவில் அமிழ்த்தினால் மா மேல்விளிம்பை மூடிவிடும். பலகாரம் கழன்று வராது. முதல் இரண்டு மூன்று உடைந்தே போகும். உடைந்தவற்றை எறியாமல் ஒரு கிண்ணத்தில் போட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பிழைத்துப்போனதும் வீட்டில் ஓர் இடத்தைப் பெறும் என்பதை அவர்கள் அறியட்டும். நாளை பரீட்சையில் தவறிய மகனோ, வழிதவறிய மகளோ பயமின்றி வீடு திரும்புவதற்கு இந்த அறிவு உதவக்கூடும்.

ஒரு வீட்டின் கதை

இவ்விடத்தில் நான் அறிந்த ஒரு குடும்பத்தைப் பற்றிக் கூறவேண்டும். அவ்வீட்டின் அம்மம்மா பயற்றம் பணியாரம் செய்வதில் பெயர் பெற்றவர். அளவை எழுதிவைத்தவர் அல்லர். எல்லாம் அவருடைய கைப்பக்குவமே. அவரின் மகள் வேலைக்குச் செல்பவர். “அம்மா இருக்கிறா தானே” என்ற எண்ணத்தில் அவர் அதனைக் கற்றுக்கொள்ளவில்லை. ஓர் ஐப்பசி மாதத்தில் அம்மம்மா திடீரெனக் காலமானார்.

இழவு நிகழ்ந்த வீட்டில் அவ்வாண்டு விழாவுக்குப் பலகாரம் சுடுவதில்லை என்பது எமது வழக்கம். மார்கழி வந்தது. அயலெங்கும் எண்ணெய்ச் சட்டி கொதித்தது. அந்த வீட்டு அடுப்பு மட்டும் அமைதியாக இருந்தது. ஐந்து வயதுப் பேத்தி தாயிடம் கேட்டாள்: “அம்மம்மா இல்லையெண்டா பாலன் இயேசு எங்கட வீட்ட வரமாட்டாரோ?” அந்தத் தாயிடம் பதில் இருக்கவில்லை.

நத்தாருக்கு முதல்நாள் மாலை, பக்கத்து வீட்டுச் சைவப் பெண்மணி துணியால் மூடிய ஒரு தட்டுடன் படலையைத் திறந்துகொண்டு வந்தார். தட்டிலே பயற்றம் பணியாரம். “உங்கட அம்மா எனக்குப் பழக்கினது, பிள்ளை. இந்தத் தட்டுத்தான் முதல் தட்டு. எங்கட வீட்டிலயும் இன்னும் ஒருத்தரும் வாயில வைக்கேல்ல” என்றார். சிறுமி ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, “இது அம்மம்மான்ர” என்றாள். செத்தவீட்டன்று கூட அழாமல் எல்லாக் காரியங்களையும் பார்த்த அந்தத் தாய் அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

தாயின் கைப்பக்குவம் தன் வீட்டில் அழிந்துவிட்டது என்றே அவர் எண்ணியிருந்தார். அது அயல்வீட்டில் உயிருடன் இருந்தது. கொடுத்தது அழியவில்லை, கொடுக்கப்பட்டதனாலேயே எஞ்சியது. அடுத்த திருவருகைக் காலத்தில் தாயும் மகளுமாக அந்தப் பெண்மணியிடம் சென்று, அவர் பக்கத்தில் இருந்து, தமது வீட்டுப் பலகாரத்தைத் தாமே கற்றுக்கொண்டார்கள். உருண்டைகள் பொரிந்து முடிந்ததும் சிறுமி கேட்ட முதற் கேள்வி: “இந்த வருசம் ஆரின்ர வீட்டில சுடேல்ல?” அந்த வீட்டைத் தேடிச் சென்றது அவர்களுடைய முதல் தட்டு.

முதலில் பிறருக்கு

திருவிவிலியத்தில் சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணை நினைத்துப் பாருங்கள் (1 அரசர் 17). அவரிடம் எஞ்சியிருந்தது பானையில் ஒரு கையளவு மாவும் கலயத்தில் சிறிது எண்ணெயும் மட்டுமே. தனக்கும் மகனுக்குமாகக் கடைசி அப்பத்தைச் சுடுவதற்கு அவர் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தார். இறைவாக்கினர் எலியாவோ முதலில் தமக்கு ஒரு சிறிய அப்பத்தைச் செய்து தருமாறும், அதன் பின்னர் அவருக்கும் மகனுக்கும் செய்துகொள்ளுமாறும் கேட்டார். கேட்பதற்குக் கடினமான வேண்டுகோள்! ஆயினும் அவர் முதல் அப்பத்தைக் கொடுத்தார். மாவும் எண்ணெயும் தீரவில்லை. அதனை அருகிலிருந்து கண்டவன் அவருடைய சிறு மகன்.

நெகேமியா நூலின் எட்டாம் அதிகாரத்திலும், ஆண்டவரின் திருநாளைக் கொண்டாடிய மக்கள் நல்லதை உண்டு பருகுமாறும், எதுவும் ஆயத்தம் செய்ய இயலாதவர்களுக்குப் பங்கு அனுப்புமாறும் பணிக்கப்படுகின்றார்கள். இரண்டும் ஒரே கட்டளையின் பகுதிகளாகவே அங்கே கூறப்படுகின்றன. ஆண்டவர் இயேசுவும் விண்ணரசைப் பற்றிப் பேசும்போது, மாவிலே புளிப்பு மாவைக் கலந்துவைத்த ஒரு பெண்ணைக் காட்டுகின்றார் (மத்தேயு 13:33). அவர் பிசைந்தது மூன்று மரக்கால் மாவு. ஒரு குடும்பத்தின் தேவைக்கு அது மிக அதிகம். பலரின் பசியை ஆற்றக்கூடிய அளவு அது.

எமது ஊர்களில் துயரின் நிழல் படாத வீடு அரிது. 2004 மார்கழி 26 ஆம் நாள், நத்தாருக்கு மறுநாள், திருக்குடும்ப விழா ஞாயிறன்று கடற்கோள் வந்தபோது, கரையோரத்துப் பல வீடுகளில் நத்தார்ப் பலகாரம் இன்னும் தீர்ந்திருக்கவில்லை. உண்பதற்கு இருந்த பிள்ளைகள் பலர் மறுநாள் இல்லை. 2019 ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறும் அவ்வாறே பல குடும்பங்களுக்கு மாறாத வடுவாயிற்று. அத்தகைய வீடுகளுக்கு விழாக்காலம் மிகக் கடினமான காலம். அங்கே பெரிய ஆறுதல் வார்த்தைகள் எதுவும் தேவையில்லை. ஒரு சிறு பிள்ளை இரு கைகளாலும் ஏந்திச் செல்லும் ஒரு தட்டு, அவர்கள் மறக்கப்படவில்லை என்பதைச் சொல்லிவிடும்.

ஆகவே, பெற்றோரே, இவ்வாண்டு ஒன்று செய்யுங்கள். எல்லாப் பலகாரத்தையும் கடையில் வாங்கிவிடாமல், ஒன்றையேனும் பிள்ளைகளுடன் வீட்டில் செய்யுங்கள். வேலைக்களைப்புடன் வீடு திரும்பும் தாய்மாரின் சிரமத்தை அறிந்தே இதனைக் கூறுகின்றேன். ஒரு சனிக்கிழமையின் இரண்டு மணித்தியாலங்கள் போதும். மா நிலத்தில் சிந்தும்; உருண்டைகள் சிறிதும் பெரிதுமாக இருக்கும். அவற்றைத் திருத்தவேண்டாம். அம்மம்மா, அப்பம்மா உயிருடன் இருந்தால் அவர்களை அருகில் இருத்தி, அளவுகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டின்னில் அடைப்பதற்கு முன்னர் குடும்பமாகச் சிலுவை அடையாளம் இட்டு, முதல் தட்டு யாருக்கு என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். இழவு வீட்டையோ, தனித்து வாழும் முதியவரையோ, தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் தட்டு அனுப்பிய சைவ அயலவரையோ, நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் தந்த முஸ்லிம் நண்பரையோ அவர்கள் சொல்லக்கூடும். தட்டைப் பெரியவர் கொண்டுசெல்ல வேண்டாம்; பிள்ளை கொண்டுசெல்லட்டும். திரும்பி வரும் தட்டில் ஒரு பிடி சீனியோ ஒரு வாழைப்பழமோ இருக்கும். எமது மக்கள் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை.

பெத்லகேம் என்ற சொல்லுக்கு அப்பத்தின் வீடு என்று பொருள். தம்மையே உணவாகத் தரவந்தவர் அந்த ஊரிலே, தீவனத் தொட்டியிலே கிடத்தப்பட்டார். கதவடைக்கப்பட்ட ஊரில் பிறந்த அப்பாலன், கதவு திறந்து தட்டு வெளியே செல்லும் வீட்டினுள் மகிழ்ச்சியோடு நுழைவார்.

செபிப்போம்: அன்பின் ஆண்டவரே, எமது அடுப்பையும், எமது கைகளையும், எமது பிள்ளைகளின் சின்னஞ்சிறு கைகளையும் ஆசீர்வதித்தருளும். எங்களிடம் உள்ளதில் முதற்பங்கைத் துயருறுவோருக்குக் கொடுக்கும் மனத்தை எமக்குத் தாரும். எம்மை விட்டுப் பிரிந்த எமது பெற்றோருக்கும் பாட்டிமாருக்கும் உமது வானக விருந்தில் இடமளித்தருளும். ஆமென்.